நான்கு மணி நேரமும் ஆறு நிறங்களும்

வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். டயாலிசிஸ் சிகிச்சைக்கு உறவினரை அழைத்து வருவோர் அனைவரும் அறிந்த கணக்கு இது. மயிலாப்பூரிலிருந்து கணவருடன் ஆட்டோவில் வந்து, அவரைப் படுக்கையில் விட்டுவிட்டு அமரும் எனக்கு, முதல் ஆறு மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பதே நினைவில் இல்லை. கைப்பேசியைப் பார்த்தேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தேன். ஒருநாள் பேரன் தன் பழைய ரூபிக்ஸ் கியூபை என் பையில் போட்டு, "ஒரு பக்கம் மட்டும் சேர்த்துப் பாரு பாட்டி" என்றான்.

ஒரு பக்கம் சேர்க்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. முழுவதும் சேர்க்க மேலும் ஒரு மாதம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1974 இல் புடாபெஸ்ட் நகரில் இதை உருவாக்கிய பேராசிரியர் எர்னோ ரூபிக்குக்கே, தாம் கலைத்ததைத் தாமே முதன்முறை சேர்த்து முடிக்க ஒரு மாதம் போலப் பிடித்தது. இந்தச் சிறு பொருள் எடுக்கக்கூடிய நிலைகள் சுமார் 4.3 லட்சம் கோடி கோடி. ஆயினும், எந்த நிலையிலிருந்தும் 20 திருப்பங்களுக்குள் மீளலாம் என்று 2010 இல் கணினிகளின் துணையுடன் நிறுவியிருக்கிறார்கள். நம்மைப் போன்றோர் அந்த இருபதைக் காணப்போவதில்லை. தொடக்க நிலை முறையில் நூற்றுக்கு மேற்பட்ட திருப்பங்கள் தேவைப்படும். தேர்ந்தவர்கள் அறுபதுக்குள் முடிப்பார்கள்.

சேர்க்கத் தெரிந்தபின் வரும் ஆசை வேகம். அங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். விரல்களை விரைவாக ஓட்டினால் வேகம் கூடும் என்று நினைத்தேன். விரல் வலித்ததே மிச்சம். ஆறு நிமிடம் ஆறு நிமிடமாகவே நின்றது.

பேரன் என்னைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டியபோதுதான் உண்மை விளங்கியது. நான் திருப்பிய நேரம் குறைவு. அடுத்த துண்டு எங்கே என்று கனசதுரத்தைப் புரட்டிப் புரட்டித் தேடிய நேரமே மிகுதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு இரண்டு திருப்பம் என்பது நிதானமான வேகந்தான். நிற்காமல் அப்படித் திருப்பினால் அறுபது திருப்பங்கள் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே வேகம் என்பது பெரும்பாலும் தயக்கத்தைக் குறைப்பது. இந்தக் கைகள் ஒரு துண்டைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே கண்கள் அடுத்த துண்டைக் கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்குக் கைகள் மெதுவாகத்தான் போக வேண்டும்.

சிறுவயதில் பாட்டு கற்றவர்களுக்கு இது புதிதன்று. சரளி வரிசையை முதற்காலத்தில் பிசிறின்றிப் பாடாதவரை இரண்டாம் காலத்துக்குப் போக ஆசிரியர் விடமாட்டார். நானும் தொடையில் தாளம் தட்டுவதற்குப் பதிலாகக் கைப்பேசியில் மெட்ரோனோமை ஓடவிட்டு, ஒரு தட்டுக்கு ஒரு திருப்பம், இடையில் நிற்கக் கூடாது என்று பழகினேன். மூன்று மாதத்தில் இரண்டு நிமிடத்துக்குக் கீழே வந்தேன்.

உதவிய வேறு சிலவும் உண்டு. நடுத்துண்டுகள் ஆறும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதே இல்லை. வெள்ளைக்கு எதிரே எப்போதும் மஞ்சள். இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் தேடுதல் பாதியாகும். வெள்ளைக் கூட்டல் குறியை அடிப்பக்கம் வைத்தே சேர்க்கப் பழகினால் புரட்டும் வேலை மிச்சம். கடைசி அடுக்குக்கு முழுமையாக 78 ஃபார்முலாக்கள் உண்டு. அவற்றைக் கண்டு மலைக்க வேண்டாம், இரண்டிரண்டு படிகளாகப் பிரித்துச் செய்தால் 16 போதும். பாண்டி பஜாரில் கண்ணில் பட்ட முதல் கியூபை வாங்கிவிடாமல், இலகுவாகச் சுழல்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மூட்டு வலி உள்ள கைக்கு இறுக்கமான கியூப் எதிரி.

என் கணவர் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு இடக்கையில் ஃபிஸ்டுலா. ஊசிகள் இருக்கும் நேரத்தில் அந்தக் கையை அசைக்கக் கூடாது. "எனக்கு ஒரு கைதானே, இதெல்லாம் எப்படி?" என்றார். ஒற்றைக் கையால் சேர்ப்பது உலக கியூப் சங்கத்தின் போட்டிகளில் தனிப் பிரிவாகவே இருக்கிறது என்று பேரன் சொன்னான். 2014 அக்டோபரில், இதே சென்னையில், கிருஷ்ணம் ராஜு கதிராஜு என்பவர் 24 மணி நேரத்தில் ஒரே கையால் 2,176 கனசதுரங்களைச் சேர்த்துக் கின்னஸ் சாதனை படைத்திருக்கிறார். அதைக் கேட்டபின் அவர் வலக்கையை நீட்டினார். முதல் வெற்றிக்கு அவர் எடுத்துக்கொண்டது முழுதாக இரண்டு டயாலிசிஸ் நாட்கள்.

கைகளைப் பற்றிப் பேசும்போது மேக்ஸ் பார்க்கைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்க இளைஞர். குழந்தைப் பருவத்திலேயே ஆட்டிசம் கண்டறியப்பட்டது. தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறக்கவும் அவருடைய விரல்கள் சிரமப்பட்டன. விரல்களுக்குப் பயிற்சியாகட்டும் என்றுதான் பெற்றோர் இதைக் கொடுத்தார்கள். போட்டிக்கு அழைத்துச் சென்றதும் பதக்கத்துக்காக அன்று. வரிசையில் நிற்க, தன் முறை வரும்வரை காத்திருக்க, பிறர் முகம் பார்த்துப் பேசப் பழகட்டும் என்பதற்காக. அவர் 2023 ஜூனில் 3.13 வினாடியில் சேர்த்து உலக சாதனை படைத்தார். 1982 இல் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்ற நேரம் 22.95 வினாடி. 2020 இல் வெளியான 'தி ஸ்பீட் கியூபர்ஸ்' ஆவணப்படத்தில் அவருடைய பெற்றோர் பேசும் பகுதிகளை, பராமரிப்பாளராக இருக்கும் எவரும் ஒருமுறை பார்க்கலாம்.

சில எச்சரிக்கைகள். இது மறதி நோயைத் தடுக்கும் என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. நான் அந்த நம்பிக்கையில் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்க வேண்டாம். ஃபிஸ்டுலாவுக்காகப் பந்தை அழுத்தும் பயிற்சி சொல்லப்பட்டிருந்தால் அதற்கு இது மாற்றாகாது. நீண்ட காலம் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் வருவதுண்டு. விரல் மரத்தாலோ இரவில் கை வலித்தாலோ கியூபை வைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் பயிற்சி பெறுவோர் இயன்முறை மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். சிகிச்சையின் நடுவே தலைசுற்றினால் உடனே செவிலியரை அழையுங்கள். ஒருவர் கியூபை இன்னொருவர் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம். வீட்டுக்குப் போனதும் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது போட்டியில் நேரம் கணக்கிடும் முறை. ஐந்து முறை சேர்க்க வேண்டும். மிகச் சிறந்த நேரத்தையும் மிக மோசமான நேரத்தையும் நீக்கிவிட்டு, நடுவிலுள்ள மூன்றின் சராசரியை எடுப்பார்கள். ரத்த அழுத்தக் குறிப்பேட்டில் ஒரு நாள் எண் ஏறியிருந்தால் அன்றிரவு முழுவதும் தூங்காத என் கணவர், இந்த விதியைக் கேட்டதும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அதன்பின் எண்களை ஐந்தைந்தாகச் சேர்த்தெழுதுகிறார். எதையும் நீக்காமல் அப்படியே மருத்துவரிடம் காட்டுகிறார். தூக்கம் மட்டும் முன்பைவிடப் பரவாயில்லை.

சென்ற வியாழக்கிழமை ஐந்து முறை செய்வதாகப் பேச்சு. நான்கு முடிந்தன; எல்லாம் மூன்று, நான்கு நிமிடங்கள். ஐந்தாவதில் மஞ்சள் பக்கம் சேரும் வேளையில் செவிலியர் ஊசி எடுக்க வந்துவிட்டார். பாதியில் நின்ற முயற்சியை மோசமானதாகக் கொண்டு நீக்கிவிடலாம், விதியில் அதற்கு இடமிருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டு கியூபை என்னிடம் நீட்டினார்.