துணி நல்லதுதான்... துவைப்பது யார்?

பேரன் பிறந்ததும் எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. குழந்தைக்குத் துணி கட்டுவதா, கடையில் விற்கும் டயப்பர் போடுவதா? "துணிதான் உடம்புக்கு நல்லது" என்பது என் கட்சி. "நல்லதுதான் அத்தை, தினம் 12 துணி துவைச்சுட்டு எப்படித் தறிக்கு வர்றது?" என்பது மருமகள் கட்சி.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவருக்குத் துணையாக இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது மருமகள்தான். தார் சுற்றுவதும் அவளே. சோப்பிலும் சோடாவிலும் ஊறிச் சொரசொரத்த கையில் பட்டு இழை சிக்கிக்கொள்ளும். இழை அறுந்தால் வேலை கெடும், கூலியும் போகும். டயப்பர் வாங்கலாம் என்றாலோ, நெசவுக் கூலியில் மாதா மாதம் அதற்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னவர் என் வீட்டுக்காரர். தறியை விட்டு எழுந்து சில வருஷம் ஆகிறது. "என் கை முரடானா இனி யாருக்கு என்ன? நானே துவைச்சுப் போடறேன்" என்றார். தெருவில் இரண்டு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை!

எங்கள் அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள்:

புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது. பல முறை துவைத்துப் பழகிய பருத்தி வேட்டிதான் மெத்தென்று இருக்கும். ஒரு எட்டு முழ வேட்டியில் 60 சென்டிமீட்டர் சதுரமாக 12 துண்டு கிடைக்கும். இரண்டு வேட்டி இருந்தால் கவலையில்லை.

முக்கோணமாக மடித்துக் கட்டலாம். அரைஞாண் கயிற்றில் செருகியும் விடலாம். ஊக்கு வேண்டாம். தொப்புள்கொடி விழும்வரை அதற்குக் கீழேயே கட்டுங்கள். நனைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

மலத்தைக் கழிப்பறையில் அலசிவிட்டு, துணியைத் தனி வாளியில் போடுங்கள். சோப்பு துளிகூடத் தங்காமல் அலசுவது முக்கியம். தங்கினால் குழந்தைக்குத் தோல் சிவக்கும். துணியை மிருதுவாக்கும் திரவங்கள் வேண்டாம். உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். வாரம் ஒரு முறை கொதிநீரில் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் காயவைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஃபேனுக்கு அடியில் கொடி கட்டி, இஸ்திரி போட்டுவிடுவோம். அப்படியும் சிவப்பு மாறாமல் புண்ணானால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இந்தத் துவைக்கும் பாடு நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரையை வெட்டி, துணிக்கு மேலே போட ஈரம் கசியாத உறை தைத்தார். 1949-ல் அது கடைக்கு வந்தது. தூக்கிப் போடும் 'பாம்பர்ஸ்' 1961-ல் வந்தது. இப்போதைய டயப்பரில் மரக்கூழோடு, நீரை உறிஞ்சிக் கூழாகும் ரசாயனத் துகளும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. மண்ணில் சுலபமாக மக்காது. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே, உபயோகித்த டயப்பரைப் பத்திரமாகச் சுற்றித்தான் குப்பையில் போட வேண்டும் என்றன. சாக்கடையில் வீசினால் அடைப்புதான்!

அதற்காக டயப்பரே கூடாது என்று சொல்லவில்லை. வைகாசி கருட சேவைக் கூட்டத்துக்கோ, சென்னைக்கு பஸ்ஸிலோ போகும்போது நாங்களும் ஒன்று போட்டுத்தான் கிளம்புகிறோம்.

மாமியார்களே, "எங்க காலத்துல எல்லாம் துணிதான்" என்று மருமகளிடம் சொல்வது சுலபம். சொல்வதற்கு முன் வாளியை யார் தூக்குவது என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளை வீட்டுக்கே சொந்தம் என்றால், துணியும் அப்படித்தானே?

– ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.