ஊர் மாறும், வகுப்பு மாறாது

கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்பை ஒட்டி இருக்கிறது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1901-இல் அது தொடங்கப்பட்டது நம் பிள்ளைகளுக்காக அல்ல. தென்னிந்தியாவில் ஊழியம் செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக. ‘ஹைகிளர்க்’ என்பது அன்றைய பெயர். மிஷனரி ஷெர்வுட் எடியின் தாயார் மார்கரெட் எடிதான் முதல் முதல்வர்.

மலை உச்சியில் ஓர் அமெரிக்கப் பள்ளிக்கு என்ன தேவை வந்தது? அதற்கு முந்தைய தலைமுறை பட்ட பாட்டைப் பார்த்தால் புரியும். மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்குப் புறப்பட்டு வந்தவர். அவருடைய மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822-இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்தார். பத்து வயதில் படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மதராசுக்கு அவர் வந்து சேர்ந்தபோது 22 வயது, தாமே ஒரு மிஷனரி. பிள்ளை படிக்க வேண்டுமென்றால் பிரிந்தாக வேண்டும் என்பதே அன்றைய நிலை.

மதுரை மிஷனைச் சேர்ந்த அமெரிக்கர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப 1845-லேயே கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். அந்த மலையில் பள்ளியும் வந்ததும் பிரிவின் தூரம் குறைந்தது. கடல் கடந்து போக வேண்டிய பிள்ளைகள், மலையேறினால் போதும் என்றானது. கொடைக்கானல் பள்ளி வந்த அடுத்த ஆண்டே டோக்கியோவில் ‘அமெரிக்கன் ஸ்கூல் இன் ஜப்பான்’ பிறந்தது. பின்னாளில் ஜப்பானுக்கு அமெரிக்கத் தூதராக வந்த எட்வின் ரைஷாவர் அங்கே படித்தவர்தான்.

மதிப்பெண்ணும் மூட்டையில்

இந்தப் பள்ளிகள் பெற்றோருக்குத் தருவதில் முக்கியமானது நீச்சல் குளமோ ஆங்கில உச்சரிப்போ அல்ல. எந்த ஊருக்குப் போனாலும் செல்லுபடியாகும் படிப்பு. அமெரிக்காவில் நம் ப்ளஸ் டூ போல நாடு முழுவதற்குமான ஒரே பொதுத் தேர்வு கிடையாது. உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளில் முடித்த பாடங்களும் அவற்றின் கிரேடுகளும் ‘டிரான்ஸ்கிரிப்ட்’ என்ற பதிவேட்டில் ஏறும். கல்லூரி முக்கியமாக அதைத்தான் பார்க்கும். கொழும்பில் ஒன்பதாம் வகுப்பு, பாங்காக்கில் பத்து, ஒஹையோவில் பதினொன்று என்று போனாலும் கணக்கு தொடரும். பள்ளி தரமானதா என்று சரிபார்ப்பது அமெரிக்க அங்கீகார அமைப்புகளின் வேலை.

அமெரிக்க அரசுக்கும் இதில் அக்கறை உண்டு. தூதரக ஊழியரை அயல்நாட்டுக்கு அனுப்பினால் அவருடைய பிள்ளைகள் படித்தாக வேண்டுமே! 1964-இல் வெளியுறவுத் துறை இதற்கென ஒரு தனி அலுவலகம் தொடங்கியது. இன்று உலகெங்கும் ஏறத்தாழ 190 பள்ளிகள் அதன் உதவி பெறுகின்றன. ஊழியரின் பிள்ளைக்குக் கல்விப்படியும் உண்டு. பல பன்னாட்டு நிறுவனங்களும் இப்படிக் கட்டணத்தைத் தாமே ஏற்கின்றன.

தம் குடிமக்களின் பிள்ளைகளை இத்தகைய பள்ளிகளில் சேர்ப்பதில் சில நாடுகள் எச்சரிக்கையாக இருக்கின்றன. 1956-இல் தொடங்கிய சிங்கப்பூர் அமெரிக்கன் ஸ்கூலில் சுமார் 4,000 பேர் படிக்கிறார்கள். ஆனால், சிங்கப்பூர்க் குடிமக்கள் கல்வி அமைச்சின் அனுமதி இல்லாமல் அத்தகைய பள்ளியில் சேர முடியாது. தன் பிள்ளைகள் தன் பள்ளியில் வளர வேண்டும் என்பது அந்த அரசின் கணக்கு.

இரண்டுக்கும் நடுவே

படிப்பு சேதமில்லாமல் ஊர் போய்ச் சேரும். பிள்ளை அப்படியே போய்ச் சேருமா? 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தவர் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசிம். பெற்றோரின் பண்பாட்டிலும் முழுதாக ஒட்டாமல், வாழும் ஊரின் பண்பாட்டிலும் முழுதாக ஒட்டாமல், இரண்டுக்கும் நடுவே தங்களுக்கென ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும் இவர்களை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்றார். அமெரிக்கனாகவே வளர்க்க அமைத்த பள்ளி, அமெரிக்காவில் கால் வைத்ததும் திகைக்கிற பிள்ளையையும் உருவாக்கியது.

கொடைக்கானல் பள்ளியோ அமெரிக்கப் பிள்ளைகளுக்கான பள்ளியாகவே நின்றுவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பின் மிஷனரிகளின் வரத்து குறையவே, 1970-களில் பெயரையும் நோக்கையும் மாற்றிக்கொண்டது. 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலாரியட்) டிப்ளமா படிப்பைக் கொண்டுவந்தது. இன்று அங்கே இந்தியப் பிள்ளைகளும் பெருமளவில் படிக்கிறார்கள்.

துபாயிலும் தோகாவிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் பிள்ளைகளைச் சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்ப்பதும் இதே யோசனையில்தான்: நாளை ஊர் திரும்பினால் படிப்பு அறுந்துவிடக் கூடாது. அமெரிக்கர் செய்வதை அந்நியத்தனம் என்று நாம் சொல்வதற்கில்லை.

ஆகவே, ‘இன்டர்நேஷனல்’ என்ற பலகையைப் பார்த்துப் பல லட்சம் கட்டுமுன் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை அடுத்து எங்கே படிக்கப் போகிறது? வெளிநாடு என்றால் இந்தப் படிப்பு கைகொடுக்கும். இங்கேயே கல்லூரி என்றால், அந்தக் கல்லூரி இந்தச் சான்றிதழை ஏற்குமா என்பதை முதலில் விசாரியுங்கள். எங்கே சேர்த்தாலும், வாழும் ஊரின் மொழியைப் பிள்ளை பேசிப் பழகட்டும். அதற்குக் கட்டணம் இல்லை.