கை சரியில்லையா, ஆட்டம் சரியில்லையா?

சீட்டு என்றதும் வார்டன் ஞாபகம் வருகிறதா? காசு வைக்காமல் ஆடும் சீட்டாட்டம் ஒன்றும் இருக்கிறது. காண்ட்ராக்ட் பிரிட்ஜ். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதல்முறையாகச் சேர்ந்தபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது வயது 60!

304 ஆடத் தெரிந்தவருக்குப் பாதி பிரிட்ஜ் தெரிந்த மாதிரிதான். எதிரெதிரே ஜோடி, ஏலம், துருப்பு எல்லாம் உண்டு. ஆனால் 52 சீட்டும் களத்தில். ஆளுக்கு 13. நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு போட்டால் ஒரு ட்ரிக், மொத்தம் 13 ட்ரிக். "4 ஸ்பேட்" என்று ஏலம் எடுத்தால், ஸ்பேட் துருப்பாக, 6-ஓடு 4 சேர்த்து 10 ட்ரிக் பிடித்தாக வேண்டும். ஏலம் எடுத்தவரின் ஜோடி, தன் சீட்டை மேஜையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவர்தான் டம்மி.

தோற்றவன் எப்போதும் சொல்வது, "கை சரியில்லைப்பா". இதற்கு மருந்துதான் படம். டிராயிங் ஹாலில் டாப் வியூ போடுகிறோம் இல்லையா, அதேதான். மேஜையை மேலிருந்து பார்த்து, வடக்கு மேலே, தெற்கு கீழே. ஏஸ் ஏ, கிங் கி, குயின் கு, ஜாக் ஜா.

வடக்கு
♠ கு 10 7 4
♥ ஏ 5 2
♦ 8 3
♣ 9 5 4 2

மேற்கு
♠ ஜா 5
♥ கு 10 6
♦ கி ஜா 7 4
♣ ஏ கு 10 7

கிழக்கு
♠ 9 2
♥ ஜா 9 8 3
♦ கு 10 6
♣ கி ஜா 8 3

தெற்கு
♠ ஏ கி 8 6 3
♥ கி 7 4
♦ ஏ 9 5 2
♣ 6

இனி மதிப்பு. ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1. கட்டு முழுக்க 40. தெற்குக்கு 14, வடக்குக்கு 6, ஆக 20. எதிர் ஜோடிக்கும் 13 + 7, அதே 20. சரிபாதி! ஒரே சீட்டுள்ள ஜாதிக்கு 2, இரண்டு சீட்டுள்ள ஜாதிக்கு 1 என்று சேர்த்தால் தெற்கு-வடக்குக்கு 23 வரும். 10 ட்ரிக்குக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கோ 26. அப்போ 4 ஸ்பேட் ஏலம் பேராசையா?

படத்தைப் பாருங்கள். மேற்கு ♣ ஏஸ் இறக்கி ஒன்று பிடிக்கிறார். அடுத்த கிளாவரைத் தெற்கு துருப்பால் வெட்டுகிறார். ♠ ஏஸ், கிங் இறக்கியதும் எதிராளிகளிடம் துருப்பே இல்லை. டம்மியிடம் இன்னும் இரண்டு மிச்சம். ♦ ஏஸ் எடுத்து, ஒரு டைமனை விட்டுக்கொடுத்து, பாக்கி இரண்டையும் டம்மியின் துருப்பால் வெட்டினால் வேலை முடிந்தது. தெற்கின் துருப்பு 5, டம்மியின் வெட்டு 2, ஹார்ட்டில் 2, டைமன் ஏஸ் 1. கூட்டினால் 10! இங்கே ஜெயித்தது இரு கையிலும் சேர்ந்த 9 ஸ்பேடும், டம்மியின் குட்டை டைமனும். பாயிண்ட் என்பது தோராய எஸ்டிமேட்தான். துருப்பைத் தேவையில்லாமல் மூணாவது தடவையும் இறக்கினால் ஒரு வெட்டு போச்சு, 9-தான் வரும். அது கையின் குற்றமில்லை, ஆட்டத்தின் குற்றம்.

போட்டிகளில் இதைச் சோதிக்கவே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். போட்ட சீட்டை நடுவில் வீசுவதில்லை, அவரவர் முன்னால் வரிசையாக வைப்பார்கள். முடிந்ததும் நாலு அறையுள்ள 'போர்டில்' திருப்பிச் செருகினால், அதே சீட்டுகள் அடுத்த மேஜைக்குப் போகும். ஒரே ஜாபை இரண்டு ஆபரேட்டரிடம் கொடுத்துப் பார்ப்பது மாதிரி! ஒரகடத்தில் ட்ரெயினிங் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் சென்னையில், 2015 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை உலக அணிகள் சாம்பியன்ஷிப் நடந்தது. பெர்முடா பௌல் கோப்பையைப் போலந்து வென்றது. அதற்கு முன்பே ஒரு புயல். சில பெரிய ஜோடிகள் ரகசிய சைகை காட்டுவதாகப் புகார் கிளம்பி, இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் விலகிக்கொண்டன. சந்தேகப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆட்ட வீடியோவையும் இதே மாதிரி படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் கைக்கு எந்த அசைவு என்று ஒத்துப் பார்த்தார்கள்.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. மேலே உள்ள படத்தில் எதிராளியின் நாலு ஸ்பேடும் மேற்கிடமே இருக்கட்டும். பதிலுக்கு மேற்கின் இரண்டு சின்னக் கிளாவர் கிழக்குக்குப் போகட்டும். இப்போது 10 வருமா? பேப்பரில் வரைந்து, சீட்டைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.