கடன் வழக்கில் சம்மன் வந்தால் விவசாயி செய்ய வேண்டியவை

ஆடிப்பட்டத்தில் மானாவாரி நிலக்கடலை விதைக்க ஒரு விவசாயி வங்கியில் பயிர்க்கடன் வாங்குகிறார். விழுது இறங்கும் சமயத்தில் மழை பொய்த்து விடுகிறது. போட்ட முதல்கூடத் திரும்பவில்லை. கடன் தவணை தவறுகிறது. ஓரிரு ஆண்டுகள் கழித்து, கோர்ட்டு அமீனா வீடு தேடி வந்து சம்மன் கொடுக்கிறார்.

"வாங்கியது உண்மைதானே, கோர்ட்டில் போய் என்ன சொல்வது?" என்று எண்ணிச் சம்மனைப் பெட்டியில் போட்டு வைப்போர் பலர். வாங்கவே மறுப்போரும் உண்டு. இரண்டும் தவறு. வாங்க மறுத்தால் சம்மனைக் கதவில் ஒட்டிச் சார்வு செய்ய விதி இருக்கிறது. கோர்ட்டுக்கு வராத பிரதிவாதி மீது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். வங்கி காட்டிய கணக்கே டிக்ரி ஆகிவிடும். அதை நிறைவேற்ற 12 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. நிலம் ஜப்திக்கு உள்ளாகலாம்.

நாள் கணக்கு

சம்மன் கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்துக் கொள்ள வேண்டும். அதனுடன் பிராது நகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணப் பண வழக்கில், சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் கோர்ட்டு 90 நாட்கள் வரை அவகாசம் தரலாம். புரோநோட்டு போன்ற ஆவணத்தின் பேரில் சுருக்க நடைமுறை வழக்காகப் போட்டிருந்தால், 10 நாட்களுக்குள் ஆஜராக வேண்டும். எந்த வகை வழக்கு என்பதைச் சம்மனிலேயே காணலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்குச் சம்மன் வந்தால், அவரும் இவ்வாறே பதில் தர வேண்டும்.

கணக்கைச் சரிபார்த்தல்

கடன் பாஸ் புத்தகம், கட்டிய ரசீதுகள், சிட்டா, அடங்கல் நகல் ஆகியவற்றை ஒன்று சேர்த்து, வங்கியில் முழுக் கணக்கு விவரம் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. கட்டிய தொகை, வட்டி மானியம், பயிர்க் காப்பீட்டு இழப்பீடு ஆகியவை வரவு வைக்கப்பட்டுள்ளனவா?

2. வட்டி அளவு மீறியுள்ளதா? சிறு, குறு விவசாயிகளின் குறுகிய காலப் பயிர்க்கடனில், பற்று வைக்கும் மொத்த வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 40,000 ரூபாய் கடனுக்கு 55,000 ரூபாய் வட்டி போட்டிருந்தால், அதை எதிருரையில் சொல்ல வேண்டும்.

3. காலம் கடந்துவிட்டதா? பணக் கடனுக்கு வழக்குப் போடும் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள். நிலத்தை அடமானம் வைத்திருந்தால் 12 ஆண்டுகள். ஆனால் அந்தக் கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், அத்தேதியிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். ஆகவே எந்தத் தாளிலும் படித்துப் பாராமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கடன் உண்மையாயினும்

கடன் பாக்கி உண்மையென்றாலும் ஆஜராவதில் பலன் உண்டு. பயிர் சேதத்தையும் வருமானத்தையும் எடுத்துக் காட்டி, தவணை முறையில் கட்ட உத்தரவு கேட்கலாம். அறுவடையை ஒட்டித் தவணை கேட்பது நல்லது. வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பும்படியும் கேட்கலாம். அங்கு சமரசமானால் செலுத்திய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைப்பதால், வங்கிகளும் இறங்கி வருவதுண்டு. ஆனால் அந்தத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது. கட்ட முடிந்த தொகைக்கே சம்மதிக்க வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் கோர்ட்டு வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி கிடைக்கும். மற்றவர்க்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100.

தீர்ப்பு ஆகிவிட்டிருந்தால்

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்ய 30 நாட்களுக்குள் மனுப் போடலாம். சம்மன் முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாட்கள். ஜப்தி என்று வந்தாலும், பிழைப்புக்குத் தேவையான உழவு மாடு, ஏர்க் கருவிகள், விதை தானியம், விவசாயி குடியிருக்கும் அடமானமில்லாத வீடு ஆகியவற்றைச் சட்டம் காக்கிறது.

கூட்டுறவுச் சங்கக் கடன்

கூட்டுறவுச் சங்கக் கடன் தாவா 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டப்படி கூட்டுறவுத் துறை அதிகாரி முன் நடைபெறும். அந்த நோட்டீசுக்கும் பதில் தர வேண்டும். 2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது, அவ்வாண்டு ஜனவரி 31 அன்று கூட்டுறவு அமைப்புகளில் நிலுவையிலிருந்த பயிர்க்கடனையே. அதை நம்பி வணிக வங்கியின் சம்மனை ஒதுக்கக் கூடாது.

பயிர் கெட்ட உடனேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, அடங்கலில் சேதத்தைப் பதிவு செய்து, கெடுவை நீட்டித் தரும்படி வங்கிக்கு மனு எழுதி, ஒப்புகைச் சீட்டுப் பெற்று வைக்க வேண்டும். பின்னாளில் சம்மன் வந்தால் கோர்ட்டில் காட்ட அந்தத் தாள்கள் பெரிதும் உதவும்.