எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை: தமிழாய்வாளர் அறியவேண்டிய அடிப்படைக் கணினிச் சொற்கள்

ஆய்வுச்சுருக்கம்

தமிழாய்வுக்குரிய தரவுகளும் ஆய்வேடுகளும் இன்று பெரும்பாலும் கணினிக் கோப்புகளாகவே உருவாகின்றன. அக்கோப்புகளில் தமிழ் எவ்வாறு பதிவாகிறது என்பதை அறியாமையால் பழைய தட்டச்சுப் படிகள் படிக்க இயலாதவை எனக் கைவிடப்படுகின்றன. புதிய படிகளிலும் தேடல், எண்ணிக்கை, அகரவரிசை ஆகியன பிழைபடுகின்றன. பிட், பைட், குறியெண், குறியேற்றம், எழுத்துரு, விசைப்பலகை ஆகிய அடிப்படைச் சொற்களைத் தமிழ்ச் சான்றுகளுடன் இக்கட்டுரை விளக்குகிறது. எழுத்துரு பனுவலின் தோற்றத்தையும் குறியேற்றம் பனுவலின் பொருளையும் தீர்மானிக்கின்றன என்னும் வேறுபாட்டை எடுத்துக்காட்டி, அவ்வேறுபாடு ஆய்வுத் தரவின் நம்பகத்தன்மையோடு கொண்டுள்ள தொடர்பைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: குறியேற்றம், எழுத்துரு, விசைப்பலகை, ஒருங்குறி, குறியெண், இயல்பாக்கம்.

முன்னுரை

இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேட்டின் கோப்பைப் புதிய கணினியில் திறக்கும்போது, தமிழுக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றுவது ஆய்வாளர் பலர் கண்ட நிகழ்வாகும். கோப்பு கெட்டுவிட்டது என்று கருதி அதனை நீக்கிவிடுவோர் உளர். உண்மையில் அத்தகைய கோப்பில் ஓர் எழுத்தும் அழியாமல் இருக்கக்கூடும். இதற்கு எதிரான நிகழ்வும் உண்டு. திரையிலும் அச்சிலும் பிழையின்றித் தோன்றும் பனுவலில் ஒரு சொல்லைத் தேடினால், அச்சொல் கண்ணெதிரே இருந்தும் ‘இல்லை’ என்று கணினி விடைதரும்.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் அடிப்படை ஒன்றே. எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை என்னும் மூன்றும் வேறு வேறானவை. ஆயினும் பேச்சுவழக்கில் ‘தமிழ் ஃபாண்ட்’ என்ற ஒரே சொல்லால் மூன்றும் குறிக்கப்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிவதற்குக் கணினி எழுத்தைச் சேமிக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

பிட்டும் பைட்டும்

கணினி சேமிப்பன எல்லாம் எண்களே. 0 அல்லது 1 என்னும் இரு நிலைகளுள் ஒன்றைக் கொள்ளும் மிகச் சிறிய அலகு பிட் எனப்படும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஒவ்வொரு பிட்டும் இரு நிலைகளைக் கொள்வதால், ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையிலான 256 மதிப்புகளுள் ஒன்றைக் குறிக்கலாம். தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துகள் 247. அவற்றோடு கிரந்த எழுத்துகள், ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் ஆகியவற்றையும் 256 இடங்களுக்குள் அடக்க இயலாது. தமிழ்க் கணிமையின் தொடக்ககாலச் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்த இடநெருக்கடி முதன்மைக் காரணம் எனலாம்.

குறியெண்ணும் குறியேற்றமும்

எழுத்து ஒன்றுக்கு ஒதுக்கப்படும் எண் குறியெண் எனப்படும். எந்த எழுத்துக்கு எந்த எண், அவ்வெண் கோப்பில் எவ்வாறு பைட்டுகளாக எழுதப்படும் என்பவற்றை வரையறுக்கும் பொது உடன்பாடு குறியேற்றம் ஆகும். 1963இல் முதலில் வெளியிடப்பட்ட ஆஸ்கி என்னும் அமெரிக்கத் தரம் 128 இடங்களைக் கொண்டது. பிற்காலத்தில் நிலைபெற்ற அதன் வடிவில் ஆங்கிலப் பேரெழுத்து ‘ஏ’ 65 என்னும் எண்ணையும் சிற்றெழுத்து ‘ஏ’ 97 என்னும் எண்ணையும் பெறுகின்றன.

ஒரு பைட் எல்லைக்குள் தமிழை அமைக்கும் முயற்சிகள் பல தோன்றின. திஸ்கி என்னும் குறியேற்றம் ஆஸ்கியின் 128 இடங்களை மாற்றாமல் எஞ்சிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்துத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெரிதும் வழங்கிய பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்துக்கொண்டது.

1991இல் முதற்பதிப்பு வெளிவந்த ஒருங்குறி, உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் ஒன்றோடொன்று மோதாத எண்களை வழங்கும் தரமாகும். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்னும் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. இணையத்தில் நிலைபெற்றது ஒருங்குறியே.

எழுத்துரு

எண்ணைக் கண்ணால் காணும் வடிவமாக மாற்றித் தரும் வரைவுகளின் தொகுதி எழுத்துரு ஆகும். ‘இந்த எண் வந்தால் இந்த வடிவத்தை வரைக’ என்பதே அதன் பணி. கோப்பில் உள்ள எண்களை அது மாற்றுவதில்லை.

பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்களாகச் சேமிக்கப்படுகிறது. ஆஸ்கியில் இவ்வெண்கள் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் குறிப்பவை. பாமினி எழுத்துரு நிறுவப்பட்ட கணினி இவ்வெண்களுக்குத் தமிழ் வடிவங்களை வரைகிறது; நிறுவப்படாத கணினி ஆங்கில வடிவங்களை வரைகிறது. கணினியைப் பொறுத்தவரை அங்கு என்றுமே தமிழ் இருந்ததில்லை. ஆங்கில எழுத்துகள் தமிழ் உடை அணிந்திருந்தன என்றே கொள்ளவேண்டும். பழைய கோப்பு ‘கெட்டுப்போன’தாகத் தோன்றுவதற்கும், அத்தகைய ஆய்வேடு மின்னூலகத்தில் ஏற்றப்பட்ட பின்னும் தமிழ்ச் சொல்லால் தேடிக் கண்டறிய இயலாமற்போவதற்கும் காரணம் இதுவே.

ஒருங்குறிக் கோப்பில் ‘த’ என்பதன் எண் 2980. எந்த எழுத்துருவைத் தெரிவு செய்தாலும் அவ்வெண் ‘த’ ஒன்றையே குறிக்கும். பொருந்திய எழுத்துரு இல்லாத கணினியில் வெற்றுக் கட்டம் தோன்றலாம். ஆயினும் அது வேறோர் எழுத்தாகத் திரிவதில்லை.

விசைப்பலகை

எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து உள்ளிடப்படும் என்பதை வரையறுப்பது விசைப்பலகை அமைப்பு. தமிழ் 99, பழைய தட்டச்சு, பாமினி, ஒலிபெயர்ப்பு என அமைப்புகள் பல. விசைப்பலகை உள்ளீட்டின் வழியை மட்டுமே தீர்மானிக்கிறது. உள்ளிடப்பட்டபின் கோப்பில் நிற்பது குறியேற்றத்தின் எண்ணே.

ஒருங்குறிக்கு மாறினால் நெடுங்காலம் பழகிய தட்டச்சு முறையைக் கைவிட நேரும் என்னும் தயக்கம் மூத்த ஆய்வாளர்களிடமும் தட்டச்சர்களிடமும் காணப்படுகிறது. இத்தயக்கம் தேவையற்றது. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் பாமினி, தட்டச்சு ஆகிய பழைய அமைப்புகளிலேயே விசைகளை அழுத்தி ஒருங்குறி எண்களை உள்ளிட வழிசெய்கின்றன. விரல்களின் பழக்கம் மாறாமலே கோப்பின் குறியேற்றம் மாறலாம்.

ஒருங்குறியில் தமிழ் எழுத்து

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இஸ்கி என்னும் இந்தியத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவை அடியொற்றியது. இதில் உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உள்ளன. தமிழ் இலக்கண மரபில் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும். ‘க்’ என்பதோடு அகரம் சேர ‘க’ ஆகும். ஒருங்குறியிலோ ‘க’ அடிப்படை வடிவம். அதன்மேல் புள்ளி சேர ‘க்’ ஆகிறது.

இதனால் இலக்கணம் கூறும் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் வேறுபடுகின்றன. ‘தமிழ்’ இலக்கணப்படி மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறியில் அது த (2980), ம (2990), இகரக்குறி (3007), ழ (2996), புள்ளி (3021) என ஐந்து குறியெண்களைக் கொண்டது. இணையத்தில் பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 என்னும் பைட் வடிவில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால், இச்சொல் 15 பைட்டுகளாகச் சேமிக்கப்படும். யாப்பாய்விலோ நடையியலிலோ எழுத்தெண்ணிக்கையைக் கணினிவழிப் பெறும் ஆய்வாளர், தாம் பயன்படுத்தும் நிரல் இம்மூன்றனுள் எதனை எண்ணுகிறது என்பதை அறியாவிடின், முடிவுகள் முற்றிலும் பிழைபடும்.

ஒரே தோற்றம், வேறு எண்கள்

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவன கணினிக்கு வேறாக இருக்கலாம். இவ்வேறுபாடுகள் இருவகையின.

முதல்வகை, தரமே ஏற்றுக்கொண்ட இணைவடிவங்கள். ‘கொ’ என்பதை க (2965), ஒகரக்குறி (3018) என இரு எண்களாகவும், க, எகரக்குறி (3014), கால் (3006) என மூன்று எண்களாகவும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என ஒருங்குறி வரையறுக்கிறது. இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் செயல் இயல்பாக்கம் எனப்படும். தொகுத்த பனுவல்களை ஆய்வுக்கு உட்படுத்துமுன் இயல்பாக்கம் செய்தால் இவ்வகைச் சிக்கல் நீங்கும்.

இரண்டாம்வகை, தட்டச்சுப் பிழைகள். ‘ஔவையார்’ என்னும் சொல்லின் முதலெழுத்து 2964 என்னும் ஒரே எண். இதனை ஒ (2962), ள (2995) என இரண்டு எழுத்துகளாக உள்ளிடுவது பரவலான வழக்கமாக உள்ளது. அச்சில் இவற்றைப் பிரித்தறிதல் கடினம். கணினிக்கோ முதலாவது ஔகாரத்தில் தொடங்கும் சொல். இரண்டாவது ஒகரத்தில் தொடங்கும் சொல். இயல்பாக்கம் இதனைத் திருத்தாது. ஏனெனில் ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து வருதல் ‘ஒளி’ முதலிய சொற்களில் முறையான வருகையே. காலுக்கு மாறாக ‘ர’ இடுதல், தமிழ் எண் ஒன்றுக்கு (3047) மாறாகக் ககரம் இடுதல் ஆகியனவும் இவ்வகையின. ஒளிவழி எழுத்துணரி கொண்டு அச்சு நூல்களை மின்பனுவலாக்கும்போதும் இப்பிழைகள் நேர்கின்றன. ஆதலின் சொல்லடைவு உருவாக்குவோர் தேடலின் எதிர்மறை விடையை உடனே சான்றாகக் கொள்ளலாகாது. ஒரு நூலில் ஒரு சொல் ‘பயிலவில்லை’ என்னும் முடிவு, தட்டச்சரின் பழக்கத்தால் விளைந்ததாகவும் இருக்கக்கூடும்.

அகரவரிசை

குறியெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசை அன்று. இஸ்கியின் அமைப்பைப் பின்பற்றியதால் ‘ன’ (2985), ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் இடையே நிற்கிறது, ‘ற’ (2993), ‘ர’வை அடுத்து வருகிறது, ஆய்தம் அகரத்துக்கு முன் உள்ளது. எண் வரிசையில் அடுக்கினால் மதம், மனம், மரம் என அமையும். நெடுங்கணக்கின்படி மதம், மரம், மனம் என அமைதல் வேண்டும். புள்ளியின் எண் மெய்களின் எண்களைவிடப் பெரிதாதலால், அகராதி மரபில் ‘அகம்’ என்பதற்கு முன்வரும் ‘அக்கா’ பின்னே தள்ளப்படும். தமிழ் வரிசை விதிகளை அறிந்த நிரலைப் பயன்படுத்துவதும், பெற்ற பட்டியலை ‘ன’, ‘ற’, புள்ளி ஆகிய இடங்களில் சரிபார்ப்பதும் இதற்குரிய தீர்வுகள்.

பழைய கோப்புகளை மீட்டல்

மேற்கண்ட வேறுபாடுகளை அறிந்தவர்க்குப் பழைய கோப்புகளை மீட்டல் கடினமன்று. முதலில் மூலக்கோப்பின் படி ஒன்றைத் தொடாமல் காத்தல் வேண்டும். அடுத்து, சொற்செயலியில் கோப்பைத் திறந்து, பனுவலின் எழுத்துருப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வெழுத்துரு கணினியில் இல்லாவிடினும் அதன் பெயர் கோப்பில் பதிவாகியிருக்கும். குறியேற்றம் யாது என்பதை அறிய அப்பெயரே சான்று. அதன்பின் உரிய குறியேற்ற மாற்றியைக் கொண்டு ஒருங்குறியாக்கலாம்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. பாமினி போன்றவற்றில் தமிழும் ஆங்கிலமும் ஒரே எண்களைப் பயன்படுத்துவதால், ஆங்கில மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் சேர்ந்து மாற்றப்பட்டால் அவை பொருளற்ற தமிழாகிவிடும். ஆதலின் எழுத்துரு வேறுபாட்டை நோக்கித் தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுதல் வேண்டும். மாற்றத்துக்கு முன் கோப்பை வெற்றுரையாகச் சேமித்தலும் தவறு. வெற்றுரையில் எழுத்துருப் பெயர் நீங்கிவிடும். எது தமிழ், எது ஆங்கிலம் எனப் பிரிக்கும் ஒரே அடையாளமும் அதனுடன் மறையும். மாற்றியபின் கிரந்த எழுத்துகள், ஒகர ஓகாரக் குறிகள், எண்கள் ஆகியவற்றை மூலத்தின் அச்சுப்படியுடன் ஒப்பிடல் இன்றியமையாதது.

இம்முறை பெருந்தொகுப்புகளுக்கும் பொருந்தும் என்பதற்கு மதுரைத் திட்டம் சான்று. 1998இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின் மின்னூல்கள் திஸ்கியில் வெளியிடப்பட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்பது வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருந்தமை அம்மாற்றத்துக்குத் துணைநின்றது.

முடிவுரை

எழுத்துரு பனுவலின் தோற்றம்; விசைப்பலகை அதன் உள்ளீட்டு வழி; குறியேற்றமே கணினியில் பனுவலின் பொருளை நிலைநிறுத்துவது. பாடவேறுபாடுகளைப் பதிவு செய்யும் பதிப்பாசிரியர் சுவடியின் எண்ணையும் நிலையையும் முன்னுரையில் குறிப்பது மரபு. மின்பனுவலைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளரும் அப்பனுவலின் மூலக் குறியேற்றம், மாற்றிய முறை, செய்த இயல்பாக்கம் ஆகியவற்றை ஆய்வேட்டில் குறித்தல் வேண்டும். நெறியாளர்கள் ஆய்வின் தொடக்கத்திலேயே இதனை வலியுறுத்தின், முடிவுகளைப் பிறர் சரிபார்க்க வழி உண்டாகும். பழைய வட்டுகளிலும் கணினிகளிலும் முடங்கிக் கிடக்கும் ஆய்வேடுகளும் களப்பணிக் குறிப்புகளும், அவற்றைத் தட்டச்சு செய்தோரின் நினைவில் எழுத்துருவின் பெயர் எஞ்சியிருக்கும் காலத்திலேயே மீட்கப்படுதல் வேண்டும்.