கோடையிற் கொடுவா பிடித்தற்கு ஏற்ற வேளை

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களுக்குக் கிழக்கே கடலும் மேற்கே வயல்நிலமும் அமைந்துள்ளன. வயல்களினூடே செல்லும் வாய்க்கால்களும் ஓடைகளும் வாவியிலோ கடலிலோ சென்று கலக்கின்றன. இவ்வமைப்பினால், சிறுபோக வேளாண்மையில் ஈடுபட்டிருக்கும் கமக்காரர் பலர் வேலை ஒழிந்த வேளைகளில் தூண்டிலும் கையுமாக நீர்க்கரையை நாடுகின்றனர். அவர்கள் பெரிதும் விரும்புவது கொடுவா மீனையாகும். நல்ல விலை பெறும் இம்மீன் ஒன்று கிடைப்பினும் அன்றைய செலவுக்கு உதவும்.

ஆயினும், வைகாசியிற் கண்ணகை அம்மன் குளிர்த்தி நடைபெறும் காலம் முதல் ஆவணி முடியும் வரை வெயில் கடுமையாக இருக்கும். அக்காலத்திற் பகல் முழுவதும் கரையிற் காத்திருந்து வெறுங்கையுடன் திரும்புவோர் பலர். மீன் இல்லாமையன்று, வேளை தவறியமையே இதற்குக் காரணம். எந்த வேளையிற் செல்லவேண்டும் என்பதையும், அதன் காரணத்தையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

கொடுவாவின் இயல்பு

கொடுவா கடல்நீரிலும் உவர்நீரிலும் நன்னீரிலும் வாழவல்லது. முட்டையிடுவதற்கு உப்புச் செறிந்த கழிமுகத்தை நாடும். குஞ்சுகள் வாவி, கண்டற்காடு, ஓடை ஆகியவற்றுட் புகுந்து வளரும். இது இரையைத் துரத்தி நெடுந்தூரம் ஓடும் மீனன்று. கண்டல் வேர், பாலத்தூண், மூழ்கிய மரம் ஆகியவற்றின் மறைவில் அசையாது நின்று, அருகில் வரும் இறாலையும் மணலைக் குஞ்சையும் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உள்ளிழுக்கும்.

இதன் கண் மங்கிய ஒளியில் நன்கு காணும் அமைப்புடையது. இரவில் விளக்கொளி பட்டால் அக்கண் செந்தணல் போல ஒளிரும். ஒளி குறையும்போது சிறு மீனுக்குப் பார்வை தடுமாறும்; கொடுவாவுக்கோ அதுவே வசதியான நேரம். ஆகவே, விடியலும் அந்தியும் இம்மீன் இரை தேடும் வேளைகளாகும்.

வெயிலும் நீரிலுள்ள ஒட்சிசனும்

மீன் சுவாசிப்பது நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனையாகும். நீர் சூடேற ஏற, அதிற் கரையக்கூடிய ஒட்சிசனின் அளவு குறையும். செல்சியசு 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகும். உப்பு மிகுந்த நீரில் இன்னும் குறையும்.

கரையோர ஆழமற்ற நீர் மிகுதியாகச் சூடேறுவது உச்சிப்பொழுதில் அன்று. பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையிலேயே ஆகும். அப்போது கொடுவா ஆழமான மடுவையும் நிழலையும் நாடி ஒதுங்கிவிடும். ஆகையால், "வெயில் சற்றுச் சாய்ந்துவிட்டது" என்று 3 மணிக்குத் தூண்டில் போடுவது வீண்முயற்சியாம்.

விடியலா, அந்தியா?

விடியலே எங்கும் சிறந்தது என்பது பலரின் எண்ணம். அஃது எல்லா நீர்நிலைகளுக்கும் பொருந்தாது.

பகலில் நீர்த்தாவரங்களும் அல்காக்களும் சூரிய ஒளியைக் கொண்டு ஒட்சிசனை வெளிவிடுகின்றன. இரவில் அவை ஒட்சிசனை வெளிவிடுவதில்லை. மீன்களைப் போலவே அதனை உட்கொள்ளுகின்றன. எனவே, களை அடர்ந்து தேங்கி நிற்கும் நீரில், சூரியன் எழுவதற்குச் சற்று முன்னரே ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். கிட்டங்கித் துறையை அடுத்த நீர்ப்பரப்பிற்போல ஆற்றுவாழை நீரை மூடிக்கொண்டால் இக்குறை மிகும். காற்றும் ஒளியும் கீழே செல்லா. விடியலிற் சிறு மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து தவிப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறான இடத்திற் கொடுவா இரை எடுக்காது.

ஆகவே பின்வருமாறு கொள்க:

1. முகத்துவாரம், பாலத்தடி, ஓடும் கால்வாய் முதலிய நீரோட்டமுள்ள இடங்களில் விடியலே சிறந்தது. மே முதல் ஓகத்து வரை இங்கு சூரியன் காலை 5.45 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் எழும். சுபஹுத் தொழுகை முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளை தொடங்கி 7.30 மணி வரை தூண்டில் போடலாம்.

2. களை நிறைந்த தேங்கு நீரில் அந்தியே சிறந்தது. மாலை 5 மணிக்குத் தொடங்கி, மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை காத்திருத்தல் வேண்டும். சூரியன் மறைவது 6.10 மணிக்கும் 6.25 மணிக்கும் இடையிலாகும். பகலெல்லாம் சேர்ந்த ஒட்சிசன் அப்போது நீரில் எஞ்சியிருக்கும்.

வற்றுப்பெருக்கு

எமது கரையில் வற்றுப்பெருக்கின் உயர வேறுபாடு சிறிது. உவாநாட்களிலும் அது ஒரு மீற்றரை எட்டுவதில்லை. எனினும், ஒடுங்கிய வாயினூடே செல்லும்போது அந்நீர் வேகமாக ஓடும். நீர் வற்றத் தொடங்கும்போது கண்டலடியிலுள்ள இறாலும் சிறு மீனும் வெளியே அடித்துவரப்படும். கொடுவா அவ்வழியிற் காத்து நிற்கும். ஆதலால், விடியலும் வற்றுத் தொடங்கும் நேரமும் ஒன்றாக வரும் நாளே மிக நல்ல நாளாகும்.

வற்றும் பெருக்கும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். இன்று காலை 6 மணிக்கு வற்றத் தொடங்கினால் நாளை 6.50 மணி அளவில் தொடங்கும். ஏழு நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிந்துமாதலால், அடுத்த வாரம் அதே விடியலிற் பெருக்குத் தொடங்கும். ஒரு தடியைக் கரையில் நட்டு அடையாளமிட்டு, ஒரு வாரம் கவனித்தால் உங்கள் துறைக்குரிய கணக்கு விளங்கிவிடும்.

கோடையில் மணற்றிட்டு எழுந்து வாவியின் வாய் அடைபட்டிருந்தால் இக்கணக்குச் செல்லாது. அப்போது மேலே கூறிய விடியல், அந்தி விதியையே பின்பற்றுக.

காற்று

கச்சான் காற்று முற்பகலில் வலுத்து வெப்பத்தைக் கொண்டுவரும். அதற்கு முன்னுள்ள அமைதியான வேளை, தூண்டிலின் மிதப்பை நன்கு கவனிக்க உதவும். தோணியிற் செல்வோர் காற்று எழுமுன் கரை சேர்தல் நலம்.

உயிர்க்காப்பு

கொடுவா இரை தேடும் அதே வேளையில் முதலையும் இரை தேடும். இம்மாவட்டத்தின் ஓடைகளிலும் குளங்களிலும் வாவிகளிலும் முதலை உண்டு. ஆகவே, விடியலிலும் அந்தியிலும் நீரில் இறங்கி வீச்சுவலை வீசுதல் கூடாது. கரையிலிருந்து சில அடி பின்னால் நின்று தங்கூசித் தூண்டிலையே பயன்படுத்துக. மீனை நீரோரத்தில் வெட்டிக் குடலை அங்கேயே எறியாதீர்கள். அது முதலையை அவ்விடத்துக்குப் பழக்கும். தனியே செல்லாது இருவராகச் செல்க. சிறுவரை நீர்விளிம்பில் நிறுத்தாதீர்கள். ஒரு மீனுக்காக ஓர் உயிரை ஈடுவைத்தல் ஆகாது.

தாய்மீனைக் காத்தல்

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஒரு மீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையவை பெரும்பாலும் பெண்களே. அத்தகைய தாய்மீன் ஒன்று கோடிக்கணக்கான முட்டைகளை இடவல்லது. அதனைப் பிடிப்பவர் ஒரு நாள் ஊதியம் பெறுவர். ஊரோ பல ஆண்டு விளைவை இழக்கும். ஆகவே, மிகப் பெரியதையும் உள்ளங்கை அளவான குஞ்சையும் விட்டுவிட்டு, இடைப்பட்டதை எடுத்துக்கொள்ளுக. வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடித்தல் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது.

கமக்காரருக்கு மற்றொரு கடமையும் உண்டு. பூச்சிநாசினி தெளித்த கருவியை வாய்க்காலிற் கழுவினால் அந்நீர் ஓடையை அடையும். இறாற்குஞ்சு முதலில் அழியும். இறால் இல்லாத ஓடையிற் கொடுவா நில்லாது.

பிடித்த மீனைப் பேணல்

கோடை வெப்பத்தில் மீன் விரைவிற் பழுதாகும். பிடித்தவுடன் நிழலில் வைத்து, ஈரச் சாக்கினால் மூடுக. இயன்றால் மீனின் எடைக்குச் சமமான பனிக்கட்டி இடுக. விடியலிற் பிடித்த மீனைக் காலைச் சந்தைக்கே கொண்டுசெல்லலாம். அந்தியிற் பிடித்ததைப் பனிக்கட்டியின்றி மறுநாள் வரை வைத்திருத்தல் தகாது.

சுருக்கம்

ஓடும் நீரில் விடியல். தேங்கும் நீரில் அந்தி. வாவி வாய் திறந்திருப்பின் வற்றுத் தொடங்கும் நேரம். பிற்பகல் 2 முதல் 4 மணி வரை ஓய்வு. எவ்வேளையிலும் முதலையைப் பற்றிய எச்சரிக்கை. இவற்றை மனத்திற் கொண்டு செல்வோர் குறைந்த நேரத்தில் நிறைந்த பயன் பெறுவர். மிஞ்சும் பகலை வயல் வேலைக்குச் செலவிடுவர்.