நம் தெருவுக்கு எவ்வளவு அபாயம்? வகுப்பறையில் ஒரு மதிப்பீடு

எட்டாம் வகுப்பில் இடர்கள் பாடத்தைத் தொடங்கிய அன்று, "சென்னைக்கு எதனால் ஆபத்து அதிகம்?" என்று கேட்டேன். பலர் சுனாமி என்றனர். சிலர் நிலநடுக்கம் என்றனர். ஒரு மாணவி மட்டும், "எங்க வீட்டுக்கு மழைதான் மிஸ்" என்றாள். அவள் வீடு அடையாற்றின் கரையோரம், தரைத்தளத்தில் இருக்கிறது.

பாடத்தின் மையக் கருத்து அவள் பதிலில் இருந்தது. புயல், கனமழை, சுனாமி ஆகியவை இடர்கள். ஓர் இடர் எவ்வளவு அடிக்கடி வரும், அதன் வழியில் யார் இருக்கிறார்கள், அவர்களால் எந்த அளவுக்குச் சமாளிக்க முடியும் என்ற மூன்றும் சேர்ந்ததே அபாயம். மூன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் தந்து பெருக்கினால் எளிய மதிப்பீடு கிடைக்கும்.

முதலாவதற்குக் காலக்கோடு வரைந்தோம். 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் புயல் மழை. மழைவெள்ளமே மீண்டும் வருவதை மாணவர்களே கண்டுகொண்டனர்.

இரண்டாவதற்கு வரைபடம். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஆகியவற்றைக் குறித்தோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. மேற்பகுதி ஏரிகளின் உபரி நீரும் சேர, அடையாறு கரைபுரண்டது. அந்த நீர் தங்கள் தெருவில் எதுவரை ஏறியது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன்.

மூன்றாவதுதான் கண் திறந்தது. ஒரே தெரு, இரண்டும் தரைத்தள வீடுகள். ஒன்றில் எல்லோரும் மாடிக்கு ஓடிவிடலாம்: 3×3×1 = 9. மற்றொன்றில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார்: 3×3×3 = 27. மழை ஒன்றுதான், அபாயம் மூன்று மடங்கு.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். அந்த 27ஐக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பே அந்த மாணவியைத் திரும்பிப் பார்த்தது. அவள் தலை குனிந்துகொண்டாள். வீட்டு மதிப்பெண்ணை அவரவர் ஏட்டில் மட்டும் எழுதச் சொல்லுங்கள். கரும்பலகையில் எழுதப் பள்ளி இருக்கிறது.

மறுநாள் பள்ளியை மதிப்பிட்டோம். சேர்க்கைப் பதிவேடுகள் தரைத்தள பீரோவின் அடித்தட்டில் இருந்தன. மாணவர்கள் சொன்ன பிறகே அவை மாடிக்குப் போயின.

ஒரு எச்சரிக்கை. இந்த எண் முன்னுரிமையை அறிய மட்டுமே. சுனாமி அரிதென்பதால் எண் குறையலாம். ஆனால் வந்தால் இழப்பு பெரிது. கடலோரப் பள்ளிகள் வெளியேறும் வழியைக் கட்டாயம் பழக வேண்டும்.

மழையை நம்மால் குறைக்க முடியாது. வீட்டை இடம் மாற்றுவதும் எளிதல்ல. மூன்றாவது எண்ணைக் குறைக்கலாம். குடும்ப அட்டையும் சான்றிதழ்களும் பிளாஸ்டிக் உறையில் பரண்மேல் இருக்கட்டும். உதவி எண்கள் 1070, 1077 மனப்பாடமாகட்டும். முதியவரை யார், எந்த வீட்டுக்குத் தூக்கிச் செல்வது என்பது முன்பே முடிவாகட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே இதற்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்குங்கள். அந்த மாணவி ஒரு வாரம் கழித்து ஏட்டைக் காட்டினாள். 27ஐ அடித்துவிட்டு 18 என்று எழுதியிருந்தாள். "மாடி வீட்டு அக்கா பாட்டியைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க மிஸ்."